மொஜிபக்கே: உருமாறிய எழுத்துகளுக்கு ஒரு பெயர்

கணினித் திரையில் படிக்கவே முடியாதபடி வந்து நிற்கும் எழுத்துக் குவியலை ‘மொஜிபக்கே’ என்கிறார்களே, அந்தச் சொல்லின் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. சுருக்கமான விடை இதுதான்: அது ஜப்பானியச் சொல், ‘எழுத்து உருமாறுதல்’ என்பது அதன் நேர்ப்பொருள், ஒரு குறியாக்க முறையில் எழுதிச் சேமித்த உரையை வேறொரு குறியாக்க முறையில் எழுதியது என்று எண்ணிக் கணினி வாசிக்கும்போது தோன்றும் பொருளற்ற எழுத்துகளை அது குறிக்கிறது. ஆயினும் இச்சொல்லைப் ‘பேய் எழுத்து’ என்று விளக்குகிறவர்களும், ‘சிதைந்த எழுத்து’ என்று மொழிபெயர்க்கிறவர்களும் உண்டு. இரண்டுமே சொல்லின் மையத்தைத் தவறவிடுகின்றன என்பது என் கருத்து. அதை விளக்க, சொல்லின் பிறப்பையும் அது சுட்டும் நிகழ்வு எப்படி நேர்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் ஒலிப்பு. ஜப்பானிய மொழியில் இது மொ, ஜி, ப, கெ என்று நான்கு குறில்களாக, நான்கும் சம அளவில் ஒலிக்கும். பகரத்துக்கு ‘பந்து’ என்பதில் வரும் வல்லொலி இல்லை. ‘அன்பு’ என்பதில் வரும் மெல்லிய ஒலி. தமிழில் ‘மொஜிபகெ’ என்று எழுதினால் ககரம் இடையில் நின்று இளகிவிடும் என்பதால், இங்கே ‘மொஜிபக்கே’ என்று எழுதுகிறேன்.

சொல்லின் முற்பகுதியான ‘மொஜி’ என்பது எழுத்தைக் குறிக்கும். இதைத் தமிழர்கள் அறியாமலே நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். கைப்பேசியில் சிரிப்பும் அழுகையுமாக அனுப்பும் ‘எமோஜி’ என்பதில் இருப்பதும் இதே ‘மொஜி’தான். ‘எ’ என்றால் படம். ஆகவே எமோஜி என்பது பட எழுத்து. உணர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு அதற்கு உறவு இல்லை. ஒலி ஒற்றுமை தற்செயலானது. ‘மொஜி’ என்பதை எழுத இரண்டு சீன எழுத்துகள் தேவை. முதலாவதற்குக் கோலம், வரி, வடிவம் என்ற பழம்பொருள்கள் உண்டு. இரண்டாவது ஒரு கூரையின் கீழ் குழந்தை இருப்பதைப் போன்ற வடிவுடையது. பொது ஆண்டு 100-ஐ ஒட்டி சீனாவில் ஷூ ஷென் தொகுத்த எழுத்து அகராதி, பிரிக்க முடியாத எளிய வடிவங்களை முதல் சொல்லாலும், அவை கூடிப் பெற்றெடுத்த கூட்டு வடிவங்களை இரண்டாம் சொல்லாலும் வேறுபடுத்திச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து ‘எழுத்துகள் அனைத்தும்’ என்ற பொதுப்பொருளில் ஜப்பானுக்குச் சென்றன. ‘மொன்ஜி’ என்ற பழைய ஒலிப்பு தேய்ந்து ‘மொஜி’ ஆயிற்று.

பிற்பகுதியான ‘பக்கே’யில்தான் சுவையெல்லாம் இருக்கிறது. இது ‘பக்கேரு’ என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். பக்கேரு என்றால் தன் உருவை விட்டு வேற்றுருக் கொள்ளுதல். ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளில் நரியும், ‘தனுக்கி’ எனப்படும் நரிக்குடும்ப விலங்கும், வயது முதிர்ந்த பூனையும் மனிதராகவோ பாத்திரமாகவோ உருமாறி வருவதற்கு இந்த வினையையே பயன்படுத்துகிறார்கள். அப்படி உருமாறி வருவன ‘பக்கேமோனோ’, அதாவது மாறுவேடப் பொருள். குழந்தைகளைப் பயமுறுத்தச் சொல்லும் ‘ஒபக்கே’வும் இதன் உறவே. பேய், பூதம் என்ற பொருள் இவ்வழியில்தான் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. எனவே மொஜிபக்கேவைப் ‘பேய் எழுத்து’ என்று சொல்வது, மரத்தை விட்டுக் கிளையை வேர் என்று காட்டுவதாகும்; வேர் ‘உருமாறு’ என்ற வினை, பேய் அதன் கிளைகளில் ஒன்று.

இந்த வினையை எழுதும் சீன எழுத்தே பொருளுக்குச் சான்று தருகிறது. அதன் தொன்மையான வடிவத்தில் நேராக நிற்கும் ஒரு மனிதனும் தலைகீழாக நிற்கும் ஒரு மனிதனும் அருகருகே இருக்கிறார்கள். அதே எழுத்து, முகத்துக்கு ஒப்பனை செய்தல் என்பதற்கான ஜப்பானியச் சொல்லிலும் முதலில் நிற்கிறது. வேதியியல் என்ற துறைப்பெயரிலும் நிற்கிறது. ஜப்பானிய மொழியில் ‘அறிவியல்’, ‘வேதியியல்’ இரண்டும் ‘ககாகு’ என்று ஒரே ஒலியில் அமைந்துவிட்டதால், பேச்சில் குழப்பம் வராமலிருக்க வேதியியலை ‘பக்கேகாகு’ என்று, அதாவது உருமாற்றக் கல்வி என்று வேண்டுமென்றே மாற்றி ஒலிப்பவர்கள் உண்டு. நெடுநாள் சாதாரணமாக இருந்த ஒரு நடிகர் திடீரென்று பெரும் திறமை காட்டினால் ‘அவர் பக்கேரு ஆகிவிட்டார்’ என்ற பொருளில் புகழவும் செய்வார்கள். இங்கெல்லாம் பேயும் இல்லை, சிதைவும் இல்லை.

இலக்கண நோக்கில் இன்னொன்று உண்டு. பக்கேரு என்பது தன்வினை. ஒருவரை மயக்கி ஏமாற்றுதல் என்ற பிறவினைக்கு ‘பகாசு’ என்ற வேறு வடிவம் இருக்கிறது. ஜப்பானியர் ‘எழுத்து உருமாறிவிட்டது’ என்கிறார்களே ஒழிய, ‘எழுத்தை யாரோ மாற்றிவிட்டார்கள்’ என்று சொல்வதில்லை. மாரீசன் பொன்மானாக வந்தபோது உள்ளே இருந்தவன் மாரீசனேதான். மாறியது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்த உரு மட்டுமே. மொஜிபக்கே என்ற சொல்லின் பொருத்தம் முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது என்பேன்.

ஏனென்றால் கணினிக்குள் நடப்பதும் அப்படியேதான். கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. எண்களை வைக்கும் சிறு அலகான ஒரு பைட், 0 முதல் 255 வரை உள்ள 256 மதிப்புகளில் ஏதேனும் ஒன்றைத் தாங்கும். எந்த எண் எந்த எழுத்துக்கு என்ற அட்டவணைதான் குறியாக்கம். எழுதியவர் ஓர் அட்டவணையை வைத்து எண்ணாக்கினார், படிப்பவரின் கணினி இன்னோர் அட்டவணையை வைத்து அதே எண்களை எழுத்தாக்கியது என்றால், கோப்பில் ஓர் எண்கூட மாறாமலே திரையில் எல்லாம் மாறிவிடும்.

இதற்குப் பெயர் சூட்டும் தேவை ஜப்பானுக்கு முந்தி வந்ததற்குக் காரணம் உண்டு. உரோமன் எழுத்துகளுக்கு ஒரு பைட்டில் பாதியே போதும். ஜப்பானிய மொழிக்கோ ஹிரகனா, கத்தகனா என்ற இரண்டு அசையெழுத்து வரிசைகளும் ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளும் தேவை. 1978-இல் வெளியான ஜப்பானியத் தொழில் தரம் 6,000-க்கும் மேற்பட்ட எழுத்துகளுக்கு இரண்டிரண்டு பைட்டுகளாக எண் கொடுத்தது. ஆனால் அந்த எண்களைக் கோப்பில் எப்படி வைப்பது என்பதில் ஒற்றுமை ஏற்படவில்லை. மின்னஞ்சலுக்கு ஒரு முறை, தனிக்கணினிகளுக்கு ‘ஷிஃப்ட் ஜிஸ்’ என்ற இன்னொரு முறை, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடிய கணினிகளுக்கு ‘ஈ.யூ.சி.’ என்ற மூன்றாவது முறை என்று மூன்று அட்டவணைகள் ஒரே நாட்டில், சில வேளை ஒரே அலுவலகத்தில் புழங்கின. ஒன்றை மற்றொன்றாக எண்ணி வாசிக்கும் வாய்ப்பு நாள்தோறும் இருந்தது. சொல்லும் நாள்தோறும் வாயில் வந்தது.

இம்மூன்றும் தோல்வியுறும் விதம் வெவ்வேறானது. பழகியவர்கள் திரையைப் பார்த்தவுடனே எது எதுவாக வாசிக்கப்பட்டது என்று சொல்லிவிடுவார்கள். பழைய மின்னஞ்சல் முறையில் ‘இதோ ஜப்பானிய எழுத்து தொடங்குகிறது’ என்று அறிவிக்க, 27 என்ற எண்ணில் தொடங்கும் ஒரு மறைகுறி வரும். வழியில் ஏதேனும் ஒரு கணினி அந்த மறைகுறியைத் தேவையற்றது என்று நீக்கிவிட்டால், மீதி எண்கள் அனைத்தும் சாதாரண உரோமன் எழுத்துகளாகத் தெரியும். ஹிரகனா அசையெழுத்துகள் எல்லாம் அந்தத் தரத்தில் 36 என்ற எண்ணில் தொடங்குபவை. 36 என்பது டாலர் குறி. ஆகவே கடிதம் முழுவதும் டாலர் மழை பெய்திருக்கும். யூனிக்ஸ் முறையில் எழுதியதை ஷிஃப்ட் ஜிஸ் என்று வாசித்தால், ஹிரகனாக்களில் பெரும்பாலானவை ஒரு காற்புள்ளியும் ஓர் அரையகல எழுத்துமாகப் பிளந்து நிற்கும்.

ஷிஃப்ட் ஜிஸ் முறைக்கென்றே தனி நோய் ஒன்றும் இருந்தது. சில எழுத்துகளின் இரண்டாம் பைட் 92 என்ற எண்ணாக அமைந்துவிட்டது. அந்த எண் உரோமன் அட்டவணையில் பின்சாய்கோட்டுக்கு உரியது. நிரல் மொழிகள் பலவற்றில் பின்சாய்கோடு ஒரு கட்டளைக் குறி. ‘அட்டவணை’ என்ற பொருள் தரும் சீன எழுத்தும், கத்தகனா வரிசையின் ‘சோ’வும் இதில் மாட்டிக்கொண்டன. நிரல்கள் இவ்வெழுத்துகளைப் பாதியில் வெட்டித் தின்றன. இவற்றுக்கு ‘உதவாத எழுத்துகள்’ என்ற பொருளில் ‘தமே மொஜி’ என்று பெயர்.

இப்போது பெரும்பாலோர், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொது அட்டவணையான ஒருங்குறியின் யூ.டி.எஃப்.-8 என்ற வடிவத்துக்கு வந்துவிட்டார்கள் என்றாலும், அதில் எழுதிய ஜப்பானிய உரையைப் பழைய ஷிஃப்ட் ஜிஸ் என்று எண்ணி வாசிக்கும் மென்பொருள்கள் இன்னும் இருக்கின்றன. அப்போது திரையில் ஒரு குறிப்பிட்ட சீன எழுத்து திரும்பத் திரும்ப வந்து நிற்கும். ஹிரகனாவின் பெரும்பகுதி ஒரே இரண்டு பைட்டுகளில் தொடங்குவதே காரணம். வேறு எங்கும் அரிதாகவே காணப்படும் அந்த எழுத்துக்குப் பொருள் ‘சிக்கிக்கொள்ளுதல், முடிச்சு விழுதல்’. இதை யாரும் திட்டமிடவில்லை. எண்கள் அப்படி அமைந்துவிட்டன.

பிற மொழியினர் இதே நிகழ்வுக்கு வைத்த பெயர்களோடு ஒப்பிட்டால் ஜப்பானியச் சொல்லின் தனித்தன்மை தெளிவாகும். ஜெர்மானியர் ‘எழுத்து சாலட்’ என்கிறார்கள். சீனர் ‘லுவான்மா’, அதாவது குழம்பிய குறி என்கிறார்கள். ஹங்கேரியர் ‘எழுத்துக் குப்பை’ என்று அலுத்துக்கொள்கிறார்கள். செர்பியருக்கும் அது குப்பைதான். பல்கேரியர் குரங்கின் பெயரால் ‘மைமுனித்ஸா’ என்று சொல்லி, குரங்கின் நெடுங்கணக்கு என்று கேலி செய்கிறார்கள். ரஷ்யரின் ‘கிரகஸ்யாப்ரி’ கேட்கும்போதே கோணல்மாணலாக இருக்கும் ஒரு விளையாட்டுச் சொல். இவை எல்லாம் பார்ப்பவரின் எரிச்சலைப் பதிவு செய்கின்றன. ஜப்பானியச் சொல் ஒன்றுதான் நடந்தது என்ன என்பதைச் சொல்கிறது. பிற மொழி பேசும் கணினியாளர்களும் அதையே எடுத்துக்கொண்டதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

உருமாறியதைத் திரும்ப மீட்கலாம் என்பதற்கு ரஷ்யாவில் ஒரு புகழ்பெற்ற சான்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ரஷ்யாவுக்கு வந்த ஓர் அஞ்சல் பொதியின் முகவரி, ‘கோய்-8’ என்ற ரஷ்யக் குறியாக்கத்தில் எழுதப்பட்டு, மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் வாசிக்கப்பட்ட நிலையில் இருந்தது. அனுப்பியவர் ஒலிக்குறிகள் தாங்கிய அந்த உரோமன் எழுத்துக் குவியலை அப்படியே பார்த்துப் பொறுமையாகக் கையால் எழுதியிருந்தார். அஞ்சல் ஊழியர்கள் ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பி மாற்றி, ரஷ்ய எழுத்தில் முகவரியை அதன் மேலேயே எழுதிவிட்டார்கள். அதன் ஒளிப்படம் பலரும் பார்த்தது. குப்பையாகவோ சாலடாகவோ இருந்திருந்தால் இது முடிந்திருக்காது.

தமிழுக்கு வருவோம். யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் பிடிக்கும். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. இதை ‘விண்டோஸ் 1252’ என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் வாசித்தால், 224 என்பது தலையில் சாய்கோடு தாங்கிய உரோமன் ‘ஏ’. 174 என்பது வட்டத்துக்குள் ‘ஆர்’ அடைபட்ட பதிவு வணிகக்குறி. 175 ஒரு மேற்கோடு. எனவே உருமாறிய தமிழை எந்தக் கோப்பிலும் உடனே அடையாளம் காணலாம்: சாய்கோட்டு ‘ஏ’யும் வட்ட ‘ஆரும்’ மாறி மாறி வரும். ‘தமிழ்’ என்ற சொல்லைக் கணினி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகளாகச் சேமிக்கிறது. ஐந்துக்கும் சேர்த்துப் பதினைந்து பைட்டுகள். மகரத்துக்கு மூன்றாம் பைட்டும் 174 என்பதால் அங்கே வட்ட ‘ஆர்’ இரட்டையாக நிற்கும். இகரக் குறி இருக்கும் இடத்தில் தலைகீழ்க் கேள்விக்குறி தெரியும்.

பதினைந்து பைட்டுகள் இருந்தும் கண்ணுக்குத் தெரிவது பதினான்கு குறிகளே. புள்ளியின் மூன்றாம் பைட் 141. விண்டோஸ் 1252 அட்டவணையில் 141-க்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. 129, 143, 144, 157 ஆகியவையும் அப்படியே காலி இடங்கள். உகரக் குறியின் மூன்றாம் பைட் 129, ‘ஏ’ என்ற தனி உயிரெழுத்தினுடையது 143, ‘ஐ’ என்ற தனி உயிரெழுத்தினுடையது 144. சில மென்பொருள்கள் இந்தக் காலி எண்களைக் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளாகக் காப்பாற்றி வைக்கும். வேறு சில அவற்றைக் கேள்விக்குறியாக மாற்றி எழுதிவிடும். அப்படி மாற்றி எழுதிய கோப்பைப் பின்னர் மீட்டெடுத்தால் மற்ற எழுத்துகள் திரும்பி வரும். மெய்யெழுத்தின் புள்ளியும், உகரக் குறியும், தனித்து நிற்கும் ஏ, ஐ என்ற உயிர்களும் மட்டும் வராது. புள்ளியும் உகரக் குறியும் தமிழில் மிகுதியாக வருபவை என்பதால் இழப்பு சிறியது அல்ல.

இங்கேதான் உருமாற்றத்துக்கும் சிதைவுக்கும் உள்ள எல்லைக்கோடு இருக்கிறது. நம் இலக்கணத்தில் இதற்கு ஆயத்தமான கருவி ஒன்று உண்டு. நன்னூல் புணர்ச்சி விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக வகுக்கிறது. எண்கள் அப்படியே இருக்க எழுத்து வேறாகத் தெரிவது திரிதல், இதுவே மொஜிபக்கே. தெரியாத பைட்டை மென்பொருள் கேள்விக்குறியாகவோ, கரிய சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாகவோ மாற்றிச் சேமித்துவிடுவது கெடுதல். இதற்கு மருந்து இல்லை. கோப்பின் முகப்பிலோ சொற்களுக்கு இடையிலோ முன்பு இல்லாத ஓரிரு அயல் எழுத்துகள் முளைப்பது தோன்றல். தமிழில் சொல் வேண்டுமென்றால் ‘எழுத்துத் திரிபு’ என்பது ‘எழுத்துச் சிதைவு’ என்பதைவிடப் பொருந்தும் என்று இக்காரணத்தால்தான் சொல்கிறேன்.

கெடுதலும் திரிதலும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்ந்த கதை சீனாவில் பெயர்பெற்றது. தெரியாத எழுத்துக்குப் பதிலாக ஒருங்குறி வைக்கும் அந்தச் சாய்சதுரக் குறி 239, 191, 189 என்ற மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படும். இரண்டு குறிகள் அடுத்தடுத்து வந்தால் ஆறு பைட்டுகள். அவற்றைச் சீனாவின் ‘ஜி.பி.கே.’ அட்டவணையில் வாசித்தால் இரண்டிரண்டாகப் பிரிந்து ‘குன் ஜின் காவ்’ என்று மூன்று சீன எழுத்துகளாகும். பொருளற்ற அந்த மூன்றெழுத்துத் தொடர் சீன நிரலாளர்களிடையே நிலைத்த நகைச்சுவையாகிவிட்டது.

தமிழர்கள் அதிகம் சந்தித்த இன்னொரு வகை, மேற்சொன்னதிலிருந்து சற்று வேறானது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது. ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே, 1991-இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் காட்டும் வசதி தனிக்கணினிகளுக்கு விண்டோஸ் 2000 வழியாகத்தான் பரவலாக வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வோர் எழுத்துரு வடிவமைப்பாளரும், ஒவ்வொரு பத்திரிகையும், உரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைத் தம் விருப்பப்படி வைத்துக்கொண்டனர். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பைத் தழுவிய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் ஆங்கில உளறலாகத் தெரியும். இலங்கைத் தமிழரும் புலம்பெயர்ந்தோரும் நெடுங்காலம் பாமினியில் எழுதியதால், அந்த ஐந்து குறிகளைப் பார்த்தவுடன் ‘தமிழ்’ என்று வாசிக்கக்கூடியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இங்கே கணினி எந்த அட்டவணையையும் தவறாக எண்ணவில்லை; கோப்பில் இருப்பது அதன் பார்வையில் உண்மையாகவே ஆங்கிலம்தான். தமிழ் என்பது எழுத்துரு போட்ட வேடம். எழுத்துருவைக் கழற்றியதும் வேடம் கலைகிறது. மொஜிபக்கேவின் நேர் எதிர்த்திசை என்று இதைச் சொல்லலாம். ஆனாலும் வழக்கில் இதையும் அதே சொல்லால் குறிப்பதில் பெரிய தவறில்லை.

இந்தக் குழப்பத்தைக் குறைக்க முயற்சிகள் நடந்தன. உலகெங்கும் இருந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் கலந்து பேசி ‘டிஸ்கி’ என்ற பொதுக் குறியாக்கத்தை உருவாக்கினர். மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல அதில் வெளியாகிப் பின்னர் ஒருங்குறிக்கு மாறின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்இணையம் 99’ மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ‘டாப்’, ‘டாம்’ என்ற இரண்டு தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. நல்ல நோக்கந்தான், விளைவாக அட்டவணைகளின் எண்ணிக்கை இன்னும் கூடியது. டிஸ்கியில் எழுதியதை டாப் எழுத்துருவில் பார்த்தால் தமிழ் எழுத்துகளே தெரியும், ஆனால் தப்பான தமிழ் எழுத்துகள். தமிழே தமிழாகத் திரிந்த விந்தை அது. மியான்மரில் ‘ஜோஜி’ என்ற எழுத்துருமுறைக்கும் ஒருங்குறிக்கும் இடையே இதே போராட்டம் நிகழ்ந்தது; அந்நாடு 2019 அக்டோபர் 1-ஆம் நாளை ஒருங்குறிக்கு மாறும் நாளாகக் குறித்தது.

பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற என்.எச்.எம். மாற்றி போன்ற கருவிகள் உண்டு. ஆனால் பாமினி வகையில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகளாக இருக்கும். ஒருங்குறியிலோ ககரம் முதலில், ஒகரக் குறி அடுத்து. மாற்றி இந்த வரிசையைத் திருப்ப வேண்டும். இங்கே நேரும் பிழைகளில் இன்றும் தொல்லை தருவது ஔகாரக் குறிதான். அதன் வலப்பகுதியும் ளகரமும் ஒரே வடிவமுடையவை என்பதால், ‘கௌரவம்’ என்பது பல கோப்புகளில் ககர எகரமும் ளகரமுமாக, ‘கெளரவம்’ என்று தங்கிவிட்டது. கண்ணுக்கு ஏறத்தாழ வேறுபாடு தெரியாது. தேடுபொறிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

மொஜிபக்கேவோடு அடிக்கடி குழப்பப்படும் மற்றொன்று, எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் வருவது. ‘கட்டம் கட்டமாகத் தெரிகிறது’ என்று நாம் சொல்வது இதைத்தான். இங்கே குறியாக்கம் சரியாகவே புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தின் வடிவம் கணினியிடம் இல்லை, அவ்வளவே. கட்டங்கள், சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் தோஃபு என்ற உணவின் வெண்ணிறத் துண்டுகள் போலிருப்பதால் இதற்குத் ‘தோஃபு’ என்று பெயர் வந்தது. கூகுளின் ‘நோட்டோ’ எழுத்துருக் குடும்பம் தன் பெயரையே ‘தோஃபு வேண்டாம்’ என்ற கருத்திலிருந்து எடுத்துக்கொண்டது. கணினிக்கு முந்திய ஜப்பானிய அச்சகங்களிலும் இதற்கு ஈடான வழக்கம் இருந்தது. தேவைப்பட்ட ஈய எழுத்து கையிருப்பில் இல்லாவிட்டால் வேறோர் எழுத்தைத் தலைகீழாகச் செருகுவார்கள். அதன் அடிப்பாகம் தாளில் இரண்டு தடித்த கோடுகளாகப் பதியும். மரச்செருப்பின் இரண்டு பற்கள் போலிருந்ததால் அதற்கு ‘கெத்தா’ என்று செருப்பின் பெயரே வந்தது. வெவ்வேறு கைப்பேசி நிறுவனங்களின் எமோஜிகள் ஒன்றுக்கொன்று புரியாமல் இருந்த காலத்தில், அறியாத எமோஜிக்குப் பதிலாக ஜப்பானியக் கைப்பேசிகளில் இந்தச் செருப்புக் குறியே வந்தது. 2010-இல் ஒருங்குறியின் 6.0 பதிப்பு எமோஜிகளைச் சேர்த்துக்கொண்டது.

இன்றும் திரிபு நேர்வதற்கு முதற்காரணம், பெரும்பாலான உரைக்கோப்புகள் தம் குறியாக்கம் எது என்று தமக்குள் எழுதி வைத்துக்கொள்வதில்லை என்பதே. மென்பொருள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகம் எவ்வளவு தவறலாம் என்பதற்கு விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்து நோட்பேட் செயலி நல்ல எடுத்துக்காட்டு. ‘புஷ் ஹிட் த ஃபேக்ட்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடரை மட்டும் அடித்துச் சேமித்து மீண்டும் திறந்தால், அந்தப் பதினெட்டு பைட்டுகளும் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒன்பது சீன எழுத்துகளாகிவிடும். உண்மையை மறைத்தார் என்று அமெரிக்க அதிபரைக் குற்றம் சாட்டும் தொடர் மறைந்துபோனதால் சதி என்று சிலர் மகிழ்ந்தார்கள்; அதே அமைப்பில் நான்கு, மூன்று, மூன்று, ஐந்து எழுத்துச் சொற்கள் கொண்ட எத்தனையோ ஆங்கிலத் தொடர்களுக்கும் அதுவே நடந்தது. விஸ்டா பதிப்பில் இந்த ஊக முறை திருத்தப்பட்டது.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில. திரிந்த உரை கண்ணில் பட்டால் முதலில் அதைத் திருத்தவோ மீண்டும் சேமிக்கவோ கூடாது. சேமித்தால் திரிபு நிலைத்துவிடும். திரிந்த எழுத்துகளையே உண்மை எழுத்துகளாகக் கருதி மென்பொருள் மறுபடியும் யூ.டி.எஃப்.-8 ஆக்கிவிட்டால், உரை இரண்டு மடிப்பு மடிந்ததாகிவிடும். அதை மீட்க இரண்டு முறை பின்னோக்கிச் செல்ல வேண்டும். தரவுத்தளங்களில் இது மிகுதி, மை எஸ்.க்யூ.எல். என்ற தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்புக்கு முன்வரை அதன் இயல்பான குறியாக்கம் மேற்கு ஐரோப்பிய அட்டவணையாகவே இருந்தது. தமிழ்ப் பெயர்ப்பட்டியல் ஒன்றைக் காற்புள்ளி பிரித்த கோப்பாகப் பெற்று எக்செல்லில் நேரடியாகத் திறந்து சாய்கோட்டு ‘ஏ’க்களைக் கண்டால், கோப்பை மூடிவிட்டு, தரவை இறக்குமதி செய்யும் வழியில் சென்று குறியாக்கமாக 65001 என்ற யூ.டி.எஃப்.-8 தெரிவைத் தேர்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பி.டி.எஃப். கோப்பில் தமிழாகத் தெரிந்து, நகலெடுத்து ஒட்டும்போது ஆங்கில உளறலாக வந்தால், அது பாமினி வகையைச் சேர்ந்த பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்க வாய்ப்பு மிகுதி. கோப்பின் பண்புகளில் எழுத்துருவின் பெயரைப் பார்த்து, அதற்குரிய மாற்றியில் இட வேண்டும். சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறிகள் மட்டும் வந்தால், முதலில் உலாவியிலோ செயலியிலோ குறியாக்கத்தை மாற்றிப் பார்க்கலாம். மூலக் கோப்பில் எண்கள் இன்னும் இருக்கக்கூடும். கோப்பிலேயே அக்குறிகள் எழுதப்பட்டுவிட்டன என்று தெரிந்தால், அனுப்பியவரிடம் மூலத்தைக் கேட்டுப் பெறுவதைத் தவிர வேறு வழியில்லை.